சங்கத்துக்குச் சின்னம் வேண்டும்: கோபுரமா, யானைமலையா, மல்லிகையா?

#1 வெளிவீதி

வணக்கம். பெங்களூரில் வேலை பார்க்கும் மதுரை மாவட்டத்துக்காரர்கள் சிலர் சேர்ந்து ஒரு சங்கம் பதிவு செய்யப் போகிறோம். விதிமுறை எழுதியாயிற்று. பொருளாளராக இருக்கச் சம்மதிக்கும் ஒரு நல்ல மனிதரும் கிடைத்துவிட்டார். சிக்கிக்கொண்டது சின்னத்தில்தான். லெட்டர்பேடு, பேனர், பனியன் எல்லாவற்றிலும் ஒரே படம் வரவேண்டும். கூட்டத்தில் மூன்று கட்சி. ஒரு கட்சிக்கு மீனாட்சி கோயில் கோபுரம், இன்னொன்றுக்கு யானைமலை, மூன்றாவதற்கு மல்லிகை. மூன்றுக்கும் மாதிரி வரைந்து பார்த்தோம், சண்டை கூடியதுதான் மிச்சம்.

ஊரில் இருப்பவர்கள் சொல்லுங்கள். ஒரு கட்டிடம், ஒரு மலை, ஒரு பயிர். இதில் எதைப் பார்த்தால் மதுரை என்று உடனே படும்? காரணத்தோடு எழுதினால் செயற்குழுவில் அப்படியே வாசித்துக் காட்டிவிடுவேன். ஜிகர்தண்டா, பரோட்டா, அயிரை மீன் குழம்பு என்று எழுத வருபவர்களுக்கு முன்கூட்டியே நன்றி, அவை போட்டியில் இல்லை.

#2 தெற்குவாசல்

இதில் விவாதிக்க என்ன இருக்கிறது தம்பி? கோபுரம்.

மதுரை கோயிலைச் சுற்றிக் கோடு போட்டு வளர்ந்த ஊர். உள்ளே ஆடி வீதி, அப்புறம் சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, கடைசியில் நீங்கள் பெயராக வைத்திருக்கும் வெளி வீதி. அந்த வெளி வீதி இருக்கும் இடத்தில் முன்பு கோட்டைச் சுவரும் அகழியும் இருந்தன. 1840களில் கலெக்டராக இருந்த பிளாக்பர்ன் சுவரை இடித்து, அகழியைத் தூர்த்து ஊரை வெளியே விட்டார். அதற்காக அவருக்கு எழுப்பியதுதான் விளக்குத்தூண். ஊர் அன்றிலிருந்து பெருத்துக்கொண்டே போகிறது, நடுப்புள்ளி மட்டும் நகரவில்லை.

மொத்தம் 14 கோபுரங்கள். கிழக்குக் கோபுரம் 13ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலம். எல்லாவற்றிலும் உயரமான தெற்குக் கோபுரம் 16ஆம் நூற்றாண்டு, ஏறத்தாழ 170 அடி. அதைக் கட்டியவர் அரசர் இல்லை, சிராமலைச் செவ்வந்தி மூர்த்திச் செட்டியார். வடக்குக் கோபுரம் மேல்நிலை இல்லாமல் பல காலம் அரைகுறையாக நின்று, 19ஆம் நூற்றாண்டில் நகரத்தார் கையால் முடிந்தது. முடித்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் நாம் அதை மொட்டைக் கோபுரம் என்றே கூப்பிடுகிறோம், அது வேறு. பாண்டியர், நாயக்கர், வணிகர் என்று ஆளுக்கொரு கை வைத்த கட்டிடம் இது. ஒரு தலைமுறை விட்டதை அடுத்த தலைமுறை எடுத்துக் கட்டியிருக்கிறது. இதைவிட ஊருக்குப் பொருத்தமான சின்னம் எது?

இன்னொன்று. கோயிலைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டிடம் எழுப்பக் கூடாது என்று 1997இலேயே அரசாணை போட்டார்கள். எவ்வளவு தூரம் மதிக்கப்படுகிறது என்பது தனி வழக்கு. ஆனாலும் ஒரு ஊரே தலையைத் தாழ்த்தி நிற்கவேண்டும் என்று சட்டம் சொல்கிறது என்றால் அதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

#3 நரசிங்கத்தான்

தெற்குவாசல் அண்ணே, உங்கள் கோபுரம் கட்டுவதற்கு முன்பே எங்கள் யானை படுத்திருக்கிறது.

மேலூர் ரோட்டில் ஒத்தக்கடை பக்கம் வந்தவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. தும்பிக்கையை முன்னால் நீட்டிப் படுத்திருக்கும் யானை, ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரே மொட்டைப் பாறை. சென்னையிலிருந்து விடிய விடியப் பஸ்ஸில் வருகிறவன் அதைப் பார்த்ததும்தான் செருப்பைத் தேடுவான். கோபுரம் ஊருக்குள் நுழைந்து சந்து திரும்பினால்தான் தெரியும்.

வரலாறு வேண்டும் என்றால் அதுவும் இருக்கிறது. மலையடிவாரத்தில் எங்கள் ஊர் நரசிங்கப் பெருமாள் குடைவரை. பாண்டியன் நெடுஞ்சடையனிடம் அமைச்சராக இருந்த மாறன் காரி குடைய ஆரம்பித்து, முடியும் முன்பே இறந்துபோக, தம்பி மாறன் எயினன் முகமண்டபம் கட்டி முடித்தான். கல்வெட்டின் காலம் கி.பி. 770. கொஞ்சம் தள்ளி முருகனுக்கு ஒரு குடைவரை, லாடன் கோயில் என்பார்கள். மேலே ஏறினால் சமணத் துறவிகள் இருந்த குகைத்தளம். அங்கே இருக்கும் தமிழி (தமிழ் பிராமி) எழுத்துக் கல்வெட்டு இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தியது. பாறையில் மகாவீரர், பார்சுவநாதர், அம்பிகை, பாகுபலி எல்லோரும் வரிசையாக இருக்கிறார்கள், 9, 10ஆம் நூற்றாண்டுச் சிற்பங்கள், சிலவற்றில் பழைய வண்ணம்கூட ஒட்டியிருக்கிறது. சம்பந்தர் தேவாரத்தில் ஆனைமாமலை என்று பெயர் சொல்லியே சமணர்களோடு சண்டைக்கு நிற்கிறார். அந்த யானையைச் சமணர்கள் ஏவியதாகவும், சொக்கநாதர் அம்பு விட்டுக் கல்லாக்கியதாகவும் திருவிளையாடல் கதை. சமணம், சைவம், வைணவம் மூன்றுக்கும் ஒரே மலையில் பங்கு. கோபுரத்தில் மூன்றுக்கும் இடம் உண்டா?

அப்புறம் முக்கியமான விஷயம். 2009 கடைசியில் யானைமலையைச் சிற்ப நகரம் ஆக்கப் போகிறோம் என்று ஒரு அரசுத் திட்டம் வந்தது. மலையைச் செதுக்குவதாம்! ஒத்தக்கடை, நரசிங்கம், கொடிக்குளம் என்று சுற்றுப்பட்டி ஆட்கள் எல்லோரும் தெருவுக்கு வந்துவிட்டார்கள். வழக்கறிஞர்கள், தொல்லியல் ஆர்வலர்கள், சாமி கும்பிடும் பாட்டிகள், யாரும் பாக்கி இல்லை. திட்டம் கைவிடப்பட்டது. உங்கள் கோபுரத்தைக் காப்பாற்ற அரசாணை வேண்டியிருந்தது. எங்கள் மலையை அரசிடமிருந்தே ஆட்கள் காப்பாற்றினார்கள்.

#4 பாலமேட்டுப் பையன்

வாடிவாசல் எங்கே??? மதுரைன்னா காளைதானே

#5 வெளிவீதி

அதையும் பேசினோம் தம்பி. காளைப் படம் போட்டால் இது எங்கள் ஊர்ச் சங்கம் என்று புதுக்கோட்டைக்காரர்களும் சிவகங்கைக்காரர்களும் சேர்ந்து உட்கார்ந்துவிடுவார்கள். அவர்களிடம் வாடிவாசல் குறைவா என்ன? அதனால்தான் விட்டோம். நரசிங்கத்தான், அருமையான பதிவு, எடுத்து வைத்துக்கொண்டேன்.

#6 செல்லம்பட்டி மல்லி

மல்லிகைக்குப் பேச யாரும் வரமாட்டீர்கள் என்று தெரியும். நானே பேசுகிறேன். எங்கள் வீட்டில் ஒன்றரை ஏக்கர் மல்லி இருக்கிறது. அப்பா பார்க்கிறார், ஊரில் இருக்கும்போது நானும் பூ ஆய்வேன்.

படத்தில் போட விரும்புகிறவர்கள் பூ எப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டு போடுங்கள். மல்லிகையை மலர்ந்தபின் பறிப்பது இல்லை. நன்றாகப் பருத்து வெளுத்த மொட்டாக இருக்கும்போதே எடுக்கவேண்டும், சாயங்காலம் உங்கள் தலையில் இருக்கும்போதுதான் அது விரியும். அதனால் வெளிச்சம் வரும் முன்பே தலையில் டார்ச் கட்டிக்கொண்டு ஆய ஆரம்பித்துவிடுவோம். எது இன்றைய மொட்டு, எது நாளைய மொட்டு என்று கண்ணைவிட விரலுக்குத்தான் நன்றாகத் தெரியும். நாளைய மொட்டைக் கிள்ளிவிட்டால் இன்றைக்கும் எடை இல்லை, நாளைக்கும் பூ இல்லை. ஆள்கூலி கிலோக் கணக்கு. விடியும்போது சாக்கு மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் இருக்கவேண்டும். ஏழு மணிக்கு ஒரு விலை, ஒன்பது மணிக்கு ஒரு விலை. முன்பின் போனால் தொலைந்தது.

கார்த்திகையில், அதாவது நவம்பர் கடைசியில், செடியை முழங்கால் உயரத்துக்குக் கவாத்து செய்வோம். அப்புறம் உரம், தண்ணீர், மருந்து. மாசி, பங்குனியில் துளிர்த்து மொட்டு வைத்து வெயில் ஏற ஏறக் கொட்டும். நடுவில் மொட்டுப்புழு விழுந்தால் வெள்ளை மொட்டு ஊதா நிறமாகி உதிரும், அதற்கு ஒரு செலவு. மார்கழி, தையில் பனி. பனியில் மொட்டு வராது. பொங்கலுக்கு மல்லி கிலோ 3000, 4000 என்று பத்திரிகைகளில் வருமே, அப்போது உங்கள் அம்மா எனக்கு ஃபோன் பண்ணி "உங்களுக்கென்னம்மா, பூக்காரங்க" என்பார். அன்றைக்கு எங்கள் ஒன்றரை ஏக்கரில் ஒரு கிலோகூட தேறாது. சித்திரை, வைகாசியில் சாக்குச் சாக்காக வரும்போது விலை 200, 300. சில நாள் அதற்கும் கீழே. அந்த விலையில் ஆய்கிற கூலிக்கும் மருந்துக்கும் போக மிச்சம் என்ன என்று நீங்களே கணக்குப் போடுங்கள். அப்போது வாங்குகிறவர்கள் சென்ட் கம்பெனிக்காரர்கள். பூவிலிருந்து வாசனையை எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள்.

போன வருஷம் ஒரு கமிஷன் கடையில் மூன்று வாரப் பணம் நின்றது. கேட்கப் போன அப்பாவிடம், "மதுரை மல்லிக்குத்தான் உலகமே அடிமை, பணம் எங்க போயிடும்" என்றார்களாம். 2013இல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். சந்தோஷம். அந்தச் சான்றிதழைக் காட்டினால் கிலோவுக்குக் கூட பத்து ரூபாய் தருகிற ஆளை இன்னும் நான் பார்க்கவில்லை.

இவ்வளவும் சொன்னாலும் என் ஓட்டு மல்லிக்குத்தான். கோபுரமும் மலையும் நின்ற இடத்தில் நிற்கும். ஊரை விட்டுப் போகிறவன் கையோடு எடுத்துப் போவது பூவைத்தான். துபாய், சிங்கப்பூர் விமானத்தில் தினமும் போகிற மதுரை அதுதான்.

#7 தெற்குவாசல்

தங்கச்சி, கஷ்டம் புரிகிறது, உங்கள் கணக்கில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் சின்னம் என்று வந்தால் ஒரு கேள்வி கேட்டாகவேண்டும். மல்லி நிலக்கோட்டையில் விளைகிறது, அது திண்டுக்கல் மாவட்டம். விருதுநகர், தேனிப் பக்கம் விளைகிறது. எல்லாம் மாட்டுத்தாவணிக்கு வந்ததும் மதுரை மல்லி ஆகிவிடுகிறது. அதைவிட, நாற்றே மதுரையில் கிடையாது. ராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடத்திலிருந்து பதியன் வாங்கி வந்துதானே நடுகிறீர்கள்? ராமநாதபுரத்தில் பிறந்து திண்டுக்கல்லில் வளர்ந்த பூவை மதுரைக்குச் சின்னம் என்றால் எப்படி?

#8 செல்லம்பட்டி மல்லி

தங்கச்சிமடம் நாற்று, உண்மைதான் அண்ணே. அந்த மணலில் பதியன் நன்றாக வேர் பிடிக்கும், தலைமுறையாக அவர்களுக்கு அது தொழில். ஆனால் அதே நாற்றை இங்கே செவல் மண்ணில் நட்டால்தான் இதழ் தடிக்கிறது, காம்பு நீளமாக வருகிறது, கட்டினால் ரெண்டு நாள் நிற்கிறது. வாங்குகிறவர்கள் விலை கேட்கும் முன் இதழைத் தொட்டுப் பார்ப்பது அதற்குத்தான். திருமங்கலம், உசிலம்பட்டி, மேலூர், அலங்காநல்லூர் என்று இந்த மண்ணுக்கு ஒரு குணம் இருக்கிறது.

பிறந்த ஊர் பார்ப்பதென்றால் உங்கள் தெற்குக் கோபுரத்தைக் கட்டிய செட்டியாரையும் பார்க்கலாமா? அவர் பெயரில் இருக்கும் சிராமலை திருச்சியில் அல்லவா இருக்கிறது!

#9 நரசிங்கத்தான்

அக்கா 🙏 அண்ணனுக்கு இன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

#10 தெற்குவாசல்

இறங்கியது, இறங்கியது. நல்ல அடிதான்.

#11 கலுங்கு

நான் மேலூர்ப் பக்கம். நீங்கள் எல்லோரும் மதுரை என்றால் டவுனையும் அதைச் சுற்றிப் பத்து மைலையும்தான் நினைக்கிறீர்கள்.

2024 நவம்பரில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் முடிந்தது என்று செய்தி வந்தபோது இந்த மாவட்டத்தில் பாதிப் பேருக்கு அரிட்டாபட்டி எங்கே இருக்கிறது என்றே தெரியாது. 5000 ஏக்கர். அதற்குள் அரிட்டாபட்டியின் மலைகளும் வந்தன. தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலம் என்று 2022இல் அரசே அறிவித்த ஊர் அது. வல்லூறு கூடு கட்டுகிற பாறை, சமணப் படுக்கை, தமிழிக் கல்வெட்டு, பாண்டியர் காலக் குடைவரைச் சிவன் கோயில் எல்லாம் அங்கே இருக்கின்றன. ஊர் ஊராகக் கிராம சபையில் தீர்மானம் போட்டோம், சட்டமன்றமும் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து தல்லாகுளம் வரை நடந்தோம். அந்த மாதமே 23ஆம் தேதி மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. நடந்துபோகும்போது வலது பக்கம் யானைமலை படுத்திருந்தது. நரசிங்கத்தான் எழுதியதைப் படித்தபோது அந்த ரோடுதான் ஞாபகம் வந்தது.

ஆனால் என் ஓட்டு மலைக்கு இல்லை. கண்மாய்க்கு. மலையில் விழுகிற மழைத்தண்ணீர் ஓடையில் இறங்கிக் கண்மாய்க்கு வருகிறது, ஒரு கண்மாய் நிறைந்தால் கலுங்கு வழியாக அடுத்த கண்மாய்க்குப் போகிறது. 1895இல் முல்லைப்பெரியாறு அணை வந்தபின் பெரியாற்றுத் தண்ணீரும் இதே சங்கிலியில்தான் சேர்ந்தது. கள்ளந்திரி வரை இருபோகம், அதற்குக் கீழே நாங்கள் ஒருபோகம். மடையில் கருப்பு நிற்கிறார். கோடையில் தண்ணீர் வற்றினால் துண்டு வீசி மீன்பிடித் திருவிழா, யார் வேண்டுமானாலும் இறங்கலாம், பிடித்த மீனை விற்கக் கூடாது, வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழம்பு வைக்கவேண்டும். மலை, கோயில், பயிர் மூன்றையும் கட்டிவைத்திருப்பது கண்மாய்தான். நீங்கள் மூன்று படம் வரைந்தீர்கள், மூன்றுக்கும் தண்ணீர் கொடுக்கிறதை விட்டுவிட்டீர்கள்.

விட்டதற்குக் காரணமும் தெரியும். டவுனுக்குள் இருந்த கண்மாய்களில் எதை எதையோ கட்டிவிட்டோம். உயர் நீதிமன்றக் கிளையே உலகனேரிக் கண்மாயில் உட்கார்ந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாததை எப்படிச் சின்னமாக வரைவது?

#12 அனுப்பானடி

கண்மாய் என்றதும் ஒன்று சொல்லவேண்டும். வண்டியூர்த் தெப்பக்குளத்தில் நாங்கள் எல்லாம் கிரிக்கெட் ஆடி வளர்ந்தவர்கள். திருமலை நாயக்கர் வெட்டிய குளம், தைப்பூசத்துக்கு மட்டும் தண்ணீர் விட்டுத் தெப்பம் ஓட்டுவார்கள், மற்ற நாளில் எட்டு டீம் ஆடலாம். இப்போது வைகையிலிருந்து வரும் பழைய கால்வாயைச் சரிபண்ணித் தண்ணீர் நிறுத்துகிறார்கள். சாயங்காலம் ஊரே சுற்றி உட்கார்ந்திருக்கிறது. எங்கள் வீட்டுப் போர்வெல்லில் தண்ணீர் மேலே வந்துவிட்டது. மைதானம் போனதில் என் அண்ணன் மகனுக்கு மட்டும் வருத்தம். தெப்பக்குளத்து மைய மண்டபத்தை வரைந்தால் கட்டிடமும் ஆச்சு, தண்ணீரும் ஆச்சு.

#13 மேலமாசி

கோபுரம் வேண்டாம் என்கிறவர்கள் கவனிக்க. தமிழ்நாட்டு அரசு முத்திரையிலேயே இருப்பது நம் மீனாட்சி கோயில் மேலக் கோபுரம்.

#14 ஆண்டாள் தெரு

ஆரம்பித்துவிட்டீர்களா. அது ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம். எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது.

#15 மேலமாசி

பாடப்புத்தகத்தை விடுங்கள். முத்திரையை வரைந்த ஓவியர் ஆர். கிருஷ்ணாராவ் மதுரைக்காரர். அவர் தன் ஊர்க் கோபுரத்தை வரையாமல் உங்கள் ஊர்க் கோபுரத்தையா வரைவார்? ஸ்ரீவில்லிபுத்தூரில் கோபுரத்தை ஒட்டி அப்படி மண்டபம் எங்கே இருக்கிறது, காட்டுங்கள்.

#16 ஆண்டாள் தெரு

11 நிலை சார், 190 அடிக்கு மேல். உங்களுடையதைவிட உயரம். மண்டபத்தை எண்ணாதீர்கள், நிலையை எண்ணுங்கள்.

#17 நெறியாளர்

இந்தச் சண்டைக்குத் தனி இழை ஏற்கெனவே இருக்கிறது, அது நாலு வருஷமாக ஓடுகிறது, அங்கே போய் எண்ணுங்கள். இங்கே இனி முத்திரை பற்றிய பதிவுகள் நீக்கப்படும்.

#18 கோட்டோவியன்

வெளிவீதி, நான் தொழிலே சின்னம் வரைவது. வரலாற்றை எல்லாரும் சொல்லிவிட்டார்கள், நான் அளவைப் பற்றிச் சொல்கிறேன்.

பனியன் நெஞ்சுப் பக்கம் ரெண்டு அங்குலத்தில் வரவேண்டும், வாட்ஸ்அப் படத்தில் நகக்கண் அளவில் வரவேண்டும். கோபுரத்தை அந்த அளவுக்குக் குறுக்கினால் சுதை உருவம் ஒன்றும் தெரியாது, மிஞ்சுவது மக்காச்சோளக் கதிர். அது மதுரையா, ஸ்ரீரங்கமா, திருவண்ணாமலையா என்று வரைந்த எனக்கே தெரியாது. எந்தத் தமிழ்ச் சங்கத்துச் சின்னத்தைப் பார்த்தாலும் கோபுரம் நிற்பதால் வந்த வினை இது. மல்லிகை இன்னும் மோசம். பெயர் எழுதாவிட்டால் அது சோப்பு விளம்பரம். மொட்டாகப் போட்டால் பூண்டு என்பார்கள்.

யானைமலை ஒரே கோடு. பேனாவை எடுக்காமல் வரையலாம். தலை, முதுகு, சரிவு. உலகத்தில் வேறு எந்த ஊருக்கும் அந்தக் கோடு பொருந்தாது. ஒரு நிபந்தனை: எந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறோம் என்று முடிவு செய்யவேண்டும். அழகர்கோயில் ரோட்டிலிருந்து பார்த்தால் அது யானையே இல்லை, சும்மா ஒரு மலை.

கண்மாய்க்கு ஓட்டுப் போட்ட மேலூர் நண்பருக்கு: மலைக்கோட்டுக்குக் கீழே அதையே தலைகீழாக இன்னொரு கோடு போட்டால் தண்ணீரில் விழுந்த நிழல். கண்மாயும் வந்துவிட்டது. காசு வேண்டாம்.

#19 கலுங்கு

நிழல் விழுகிற அளவுக்குத் தண்ணீர் இருக்கும் மாதங்களில் மட்டும் அந்தச் சின்னத்தைப் பயன்படுத்த வேண்டும் என்று விதிமுறையில் சேர்த்துவிடுங்கள் 😀 நல்ல யோசனை ஐயா, நான் சம்மதம்.

#20 கோரிப்பாளையம்

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நான் முஸ்லிம். கோபுரம் போட்டால் எனக்கு ஒரு சங்கடமும் இல்லை, எங்கள் கடை வாசலில் நின்று பார்த்தே வளர்ந்தேன், வெளியூர் போனால் கோபுரப் படம் கண்டால் ஊர் ஞாபகம் வருகிற ஆள்தான் நான். இதை எழுதுவது அதற்காக இல்லை.

மல்லிக்கு வேறு ஒரு காரணம் சொல்லலாம் என்று தோன்றியது. எங்கள் தர்காவில் சந்தனக்கூட்டுக்குப் போர்த்துகிற பூச்சாதரும் மல்லிதான், மாப்பிள்ளை முகத்தை மறைக்கிற சேராவும் மல்லிதான். பக்கத்தில் சர்ச்சில் கல்யாணம் என்றாலும் அதே மார்க்கெட்டில் அதே கடைக்காரரிடம்தான் நிற்கிறோம். சாவு வீட்டுக்கும் அதுதான். செல்லம்பட்டித் தங்கச்சி ஆய்கிற பூ எந்தச் சாக்கில் எங்கே போகிறது என்று அவருக்கே தெரியாது. அதனால் என் ஓட்டு பூவுக்கு. கோட்டோவியன் சார், பூண்டு மாதிரி தெரியாமல் வரைவது உங்கள் வேலை.

#21 தெற்குவாசல்

பாய், இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனாலும் கோபுரக் கட்சியை விட்டுப் போக மாட்டேன். கடைசி ஆளாவது நிற்கவேண்டும்.

#22 வெளிவீதி

எல்லோருக்கும் நன்றி. நேற்று செயற்குழுவில் பாதிப் பதிவுகளை வாசித்தேன். மாறன் காரி வந்ததும் ஒருவர் தூங்கிவிட்டார், கமிஷன் கடை வந்ததும் எல்லோரும் விழித்துக்கொண்டார்கள். பெரும்பான்மை யானைமலைக்கு. கோட்டோவியன் சொன்ன இரட்டைக் கோடு, ஒத்தக்கடைப் பக்கத்துப் பார்வை. பொருளாளர் மட்டும் கோபுரம் இல்லாவிட்டால் நன்கொடை வராது என்று அடம் பிடிக்கிறார், ரசீதுப் புத்தகத்தில் மட்டும் கோபுரம் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறோம். (தெற்குவாசல் அண்ணே, உங்களுக்கு ஒரு ஆள் கிடைத்துவிட்டார்.)

செல்லம்பட்டி மல்லி, உங்களிடம் தனியாக ஒரு விஷயம், இங்கேயே கேட்கிறேன். சங்கத் தொடக்க விழா தை மாதம் வைக்கலாம் என்று இருக்கிறோம். வருகிறவர்களுக்கு எல்லாம் ஊர்ப் பூ கொடுக்க ஆசை. இருபது கிலோ வேண்டியிருக்கும். உங்கள் தோட்டத்திலிருந்து நேராக வாங்க முடியுமா?

#23 செல்லம்பட்டி மல்லி

தையில் இருபது கிலோவா! அந்த மாதம் எங்கள் ஊர் மொத்தத்தையும் ஆய்ந்தாலும் சந்தேகம். கிடைத்தாலும் அந்த விலைக்கு உங்கள் பொருளாளர் ராஜினாமா செய்வார்.

விழாவைச் சித்திரைக்குத் தள்ளிப்போடுங்கள். அப்போது எங்கள் வீட்டில் மட்டுமே அவ்வளவு வரும், பக்கத்துத் தோட்டங்களையும் சேர்த்துக்கொள்ளலாம். கிலோ 400 என்று இப்போதே பேசிக்கொள்வோம். மார்க்கெட்டில் அன்றைக்கு 200 விற்றாலும் 400தான், 600 விற்றாலும் 400தான். சம்மதமா?

#24 வெளிவீதி

சம்மதம். அப்பாவிடம் கேட்டுச் சொல்லுங்கள். சித்திரைத் திருவிழாவுக்குப் பாதிப் பேர் ஊருக்கு வந்துவிடுவார்கள், அதனால் அழகர் ஆற்றில் இறங்கியபின் வரும் இரண்டாவது ஞாயிறு வைக்கிறோம். பூ எப்படி வரும்? ராத்திரி பஸ்ஸில் போட்டால் வாடாதா?

#25 செல்லம்பட்டி மல்லி

சனிக்கிழமை காலையில் ஆய்ந்த மொட்டை ஐஸோடு தெர்மாகோல் பெட்டியில் அடைத்து ராத்திரி பஸ்ஸில் ஏற்றினால் ஞாயிறு விடியலில் உங்கள் கையில். கட்டாமல் உதிரியாகத்தான் அனுப்புவேன். அங்கே பூக்கட்டத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று முதலில் கணக்கெடுங்கள்.

#26 கோரிப்பாளையம்

என் அக்கா ஒயிட்ஃபீல்டில் இருக்கிறார். கைவேகம் பார்த்தால் அசந்துவிடுவீர்கள். நம்பர் தனிச்செய்தியில் அனுப்புகிறேன்.